பேய்ஸ் ஸ்பேம் வடிகட்டியைப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த சர்வரில் ஸ்பேம் அசாசின் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. ஸ்பேம் அசாசின் ஒவ்வொரு மெயிலுக்கும் பல விதிகளின்படி மதிப்பெண் போட்டுக் கூட்டி ஸ்பேமைக் கண்டுபிடிக்கும் நிரல். பழைய மெயிலிலிருந்து கற்கும் பேய்ஸ் வடிகட்டி அதில் ஒரு பகுதி. மெயில் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கீழே தனிக் கேள்வி ஒன்று உண்டு. வேண்டாத மெயிலை ஸ்பேம் என்றும், வேண்டிய மெயிலை ஹாம் என்றும் குறிப்பிடுகிறோம். கட்டளைகளும் அமைப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

பேய்ஸ் என்றால் என்ன?

பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாமஸ் பேய்ஸ் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாதிரியார். நிகழ்தகவு பற்றிய அவருடைய கட்டுரை அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1763இல் வெளிவந்தது. ஒரு தடயம் கிடைத்தபின் நம் முந்தைய கணிப்பை எவ்வளவு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். ஸ்பேமுக்கு இதைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி 1998இலேயே வந்துவிட்டது. 2002க்குப் பிறகுதான் எல்லோர் கைக்கும் வந்தது.

ஒரு மெயில் ஸ்பேமா இல்லையா என்று இது எப்படி முடிவு செய்கிறது?

மெயிலைச் சொற்களாகவும் சொல் போன்ற துண்டுகளாகவும் பிரிக்கிறது. இந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஒவ்வொரு டோக்கனும் முன்பு எத்தனை ஸ்பேமில் வந்தது, எத்தனை ஹாமில் வந்தது என்று கணக்கு வைத்திருக்கும்.

1000 ஸ்பேமும் 500 ஹாமும் கொடுத்துப் பழக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘பரிசு’ 300 ஸ்பேமில் வந்திருக்கிறது, 5 ஹாமில் வந்திருக்கிறது. ஸ்பேம் பக்கம் விகிதம் 0.3, ஹாம் பக்கம் 0.01. 0.3ஐ 0.31ஆல் வகுத்தால் 0.97. அந்தச் சொல் கிட்டத்தட்ட உறுதியான ஸ்பேம் அடையாளம். ‘கூட்டம்’ 10 ஸ்பேமிலும் 100 ஹாமிலும் வந்திருந்தால் விகிதங்கள் 0.01, 0.2. விடை 0.05க்குச் சற்றுக் கீழே, அதாவது நல்ல மெயிலின் அடையாளம். 0.5ஐ ஒட்டி நிற்கும் டோக்கன்களால் பயனில்லை, அவை கணக்கில் சேராது. ஓரங்களில் நிற்பவற்றை மட்டும் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். ஸ்பேம் அசாசின் இதற்குக் கேரி ராபின்சன் வகுத்த கை-வர்க்கம் (chi-squared) என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துகிறது.

ஒரே ஒரு ஸ்பேமில் மட்டும் வந்த சொல்லுக்கு இந்தக் கணக்குப்படி 1.0 வரும். ஒரு தடவை பார்த்ததை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாதே. அதனால் பார்த்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் மதிப்பை நடுவை நோக்கி இழுத்துவிடுவார்கள். நடுமதிப்பு 0.5க்கு ஒரு மெயில் அளவு எடை கொடுத்தால், ஒருமுறை வந்த சொல் 0.75இல் நிற்கும். 20 முறை வந்தது 0.976க்குப் போகும். எவ்வளவு வலுவாக இழுப்பது என்பது வடிகட்டிக்கு வடிகட்டி மாறும்.

நீங்கள் கொடுத்த மெயிலைத் தவிர இதற்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடிகின்றன.

எத்தனை மெயில் கொடுக்க வேண்டும்?

குறைந்தது 200 ஸ்பேம், 200 ஹாம். இரண்டும் எட்டாதவரை ஸ்பேம் அசாசின் பேய்ஸ் மதிப்பெண்ணே போடாது. 5000 ஸ்பேம் கொடுத்து 150 ஹாம் மட்டும் கொடுத்தாலும் அதே நிலைதான். ஒவ்வொரு பக்கமும் 1000 இருந்தால் நன்றாக ஓடும். 5000ஐத் தாண்டினால் துல்லியம் பெரிதாகக் கூடாது.

இரண்டும் சரிசமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கணக்கு விகிதத்தில் நடப்பதால் ஒன்றுக்கு மூன்று வரை தாங்கும். ஒன்றுக்கு இருபது என்றால் குறைவான பக்கத்துச் சொற்கள் பலவும் ஓரிரு தடவை மட்டும் பார்த்தவையாக இருக்கும், முடிவு தள்ளாடும்.

ஸ்பேம் நிறைய இருக்கிறது. ஹாமை எங்கிருந்து எடுப்பது?

ஸ்பேமை அள்ளிக் கொட்டுவதில் எல்லோருக்கும் ஆர்வம். ஹாமைத் தேர்ந்தெடுக்கும் பொறுமைதான் இருப்பதில்லை. வடிகட்டியின் தரத்தைத் தீர்மானிப்பது ஹாம்தான்.

இன்பாக்ஸை அப்படியே கொடுக்காதீர்கள். அதில் நீங்கள் கண்டும் காணாமலும் விட்ட ஸ்பேம் நூற்றுக்கு நாலைந்தாவது இருக்கும். படித்து, பிரித்து, தனி ஃபோல்டரில் போட்டு வைத்த மெயில்களே நல்ல ஹாம். அனுப்பிய மெயில் ஃபோல்டர் உதவாது. எந்தெந்த சர்வர் வழியாக மெயில் வந்தது என்ற தலைப்பு வரிகள் அதில் இருக்காது, வடிகட்டி அந்த வரிகளிலிருந்தும் கற்றுக்கொள்கிறது.

விற்பனை வாடை அடிக்கும் நல்ல மெயில்களைக் கட்டாயம் சேருங்கள்: வங்கி ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட், ஓடிபி, கரண்ட் பில், ஆர்டர் அனுப்பப்பட்டது என்ற தகவல், நீங்களே பதிவு செய்து வாங்கும் செய்திமடல். நண்பர்களின் கடிதத்தை மட்டும் ஹாமாகக் கொடுத்தால், ‘ரூபாய்’, ‘சலுகை’, ‘கிளிக்’ என்று எதைக் கண்டாலும் வடிகட்டி ஸ்பேம் என்றுதான் சொல்லும்.

இரண்டு பக்கமும் ஒரே காலத்து மெயிலாக இருக்கட்டும். ஹாம் மூன்று வருடம் பழையது, ஸ்பேம் போன மாதத்தது என்றால், தேதியும் பழைய சர்வர் பெயரும்தான் நல்ல மெயிலுக்கு அடையாளம் என்று அது படித்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் பொதுத் தொகுப்புகளைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஸ்பேம் அசாசின் திட்டத்தின் பொதுத் தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் 2002, 2003 காலத்து மெயில்கள், அதுவும் வேறு யாருக்கோ வந்தவை. ஆராய்ச்சிக்கு ஆகும். உங்கள் பெட்டிக்கு ஆகாது.

முதல்முறை பழக்கும்போது என்ன வரிசையில் செய்வது?

இரண்டு ஃபோல்டர்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஸ்பேம், ஒன்று ஹாம். ஒவ்வொரு ஃபோல்டரையும் அனுப்புநர் வாரியாக வரிசைப்படுத்தி ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். இடம் மாறி விழுந்தவை உடனே தெரியும். 1000 மெயிலுக்கு அரை மணி நேரம் ஆகும், அதைச் செலவிடுவது வீணில்லை.

ஏற்கெனவே தரவுத்தளம் இருந்தால் பழக்குவதற்கென்று ஸ்பேம் அசாசினோடு வரும் எஸ்ஏ-லேர்ன் கருவியின் ‘பேக்கப்’ விருப்பத்தால் அதை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். பிறகு மெயிலைச் சரிபார்க்கும் நிரல் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பயனராக மாறிக்கொண்டு, முதல் ஃபோல்டரை ‘ஸ்பேம்’ விருப்பத்தோடும் அடுத்ததை ‘ஹாம்’ விருப்பத்தோடும் கொடுங்கள். மெயில்கள் எல்லாம் ஒரே கோப்பாக இருந்தால் ‘எம்பாக்ஸ்’ விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். மறந்தால் அந்தக் கோப்பு முழுவதையும் ஒரே மெயிலாக எடுத்துக்கொள்ளும். ஆயிரம் மெயில் கொடுத்தும் ஒன்று கற்றேன் என்று அது சொன்னால் காரணம் இதுதான்.

முடிந்ததும் ‘டம்ப் மேஜிக்’ கொடுத்துப் பாருங்கள். தரவுத்தளத்தின் சுருக்கக் கணக்கு வரும். என்ஸ்பேம், என்ஹாம் என்ற வரிகளில் நீங்கள் கொடுத்த எண்ணிக்கை வர வேண்டும். ஸ்பேம் அசாசின் முன்பு சேர்த்த தலைப்பு வரிகள் மெயிலில் இருந்தால் கவலை வேண்டாம், கற்கும் முன் அவற்றை அதுவே நீக்கிவிடும்.

ஆயிரக்கணக்கில் பழக்கியும் எந்த மாற்றமும் இல்லை. ஏன்?

பெரும்பாலும் நீங்கள் பழக்கிய தரவுத்தளம் வேறு, மெயிலைச் சரிபார்க்கும்போது திறக்கும் தரவுத்தளம் வேறு. ரூட் பயனராக (சர்வர் நிர்வாகியாக) எஸ்ஏ-லேர்ன் ஓட்டினால் அது ரூட்டின் ஹோம் டைரக்டரியில் எழுதும். மெயிலைச் சரிபார்ப்பது அமாவிஸ் என்ற நிரல் என்றால் அது அமாவிஸ் பயனரின் டைரக்டரியில் தேடும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

கண்டுபிடிக்கும் வழி: புதிதாக வந்த ஒரு மெயிலின் முழுத் தலைப்பைத் திறந்து, எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் வரியில் பேய்ஸ்_00 முதல் பேய்ஸ்_99 வரை ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேமாக இருக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதை அந்த எண் காட்டும். எதுவுமே இல்லையென்றால் சரிபார்க்கும் நிரலின் தரவுத்தளம் காலி, அல்லது 200 எட்டவில்லை, அல்லது படிக்க அனுமதி இல்லை. அனுமதிச் சிக்கல் இன்னொரு வடிவத்திலும் வரும். ரூட்டாக ஒருமுறை பழக்கியதும் கோப்பின் உரிமை ரூட்டுக்கு மாறிவிடும், அதன்பின் உரிய பயனரால் எழுத முடியாது. எல்லா மெயிலிலும் பேய்ஸ்_50 மட்டுமே வந்தால், தரவுத்தளம் திறக்கிறது, ஆனால் கற்றது போதவில்லை என்று பொருள்.

பேய்ஸ்_99 என்று கண்டுபிடித்தும் மெயில் இன்பாக்ஸுக்கே வருகிறதே?

அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வலைச் சோதனைகள் (கறுப்புப் பட்டியல் போன்றவற்றை இணையத்தில் கேட்டுப் பார்ப்பவை) ஓடும் நிலையில் பேய்ஸ்_99க்கு 3.5 மதிப்பெண், 99.9 விழுக்காட்டைத் தாண்டியதற்கு பேய்ஸ்_999 என்ற விதி கூடுதலாக 0.2 தரும். மொத்தம் 3.7. ஸ்பேம் என்று தள்ள வேண்டிய எல்லை 5.0. பேய்ஸ் ஒன்றை மட்டும் நம்பி எந்த மெயிலும் தள்ளப்படக் கூடாது என்பது நோக்கம். மிச்சம் 1.3 கறுப்புப் பட்டியல் சோதனைகளிலிருந்தோ மற்ற விதிகளிலிருந்தோ வர வேண்டும். அது வரவில்லையென்றால் முதலில் பெயர்ச் சேவையகத்தை (டிஎன்எஸ்) பாருங்கள். பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் சில கறுப்புப் பட்டியல்கள் பதில் தர மறுக்கும். சொந்தமாக ஒரு டிஎன்எஸ் ரிசால்வர் வைத்தாலே பல இடங்களில் சரியாகிவிடுகிறது.

பேய்ஸ்_99ஐ 5க்கு உயர்த்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கீழே சொல்லியிருப்பதுபோல் அளந்து பார்த்து, உங்கள் ஹாமில் ஒன்றுகூட அங்கே விழவில்லை என்று தெரிந்தபின் பேய்ஸ்_999ஐ மட்டும் 1 வரை உயர்த்தலாம்.

தானாகக் கற்கும் வசதியை வைக்கலாமா?

இயல்பாகவே அது இயங்கும் நிலையில்தான் இருக்கும். மதிப்பெண் 0.1க்குக் கீழே இருந்தால் ஹாம் என்றும், 12க்கு மேல் இருந்தால் ஸ்பேம் என்றும் கற்கும். ஸ்பேமுக்குக் கூடுதல் நிபந்தனை ஒன்று உண்டு: தலைப்பிலிருந்து குறைந்தது 3, உடலிலிருந்து குறைந்தது 3 வந்திருக்க வேண்டும். தன் முடிவைத் தானே ஆமோதித்துக்கொள்ளக் கூடாது என்பதால் இந்தக் கணக்கில் பேய்ஸ் மதிப்பெண் சேராது.

ஆபத்து ஹாம் பக்கத்தில்தான். எந்த விதியிலும் சிக்காத புதுவகை ஸ்பேம் ஒன்று 0 வாங்குகிறது. அது ஹாம் என்று பதிவாகிறது. அடுத்து வரும் அதே வகை ஸ்பேமுக்கு பேய்ஸ் நற்சான்று கொடுக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துத் திருத்தாவிட்டால் இது வாரக்கணக்கில் ஓடும். தனி ஆள் அல்லது சிறிய அலுவலகம் என்றால் இந்த வசதியை நிறுத்திவிட்டுக் கையால் பழக்குங்கள். பெரிய இடம், கையால் முடியாது என்றால் ஹாம் எல்லையை -1 அளவுக்கு இறக்குங்கள். இன்னொரு பேய்ஸ் வடிகட்டியான போகோஃபில்டரை, தானாகக் கற்கும் ‘யு’ விருப்பத்தோடு ஓட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே ஒவ்வொரு தவறையும் நீங்கள் திருத்தியே ஆக வேண்டும்.

ஹாமை ஸ்பேம் என்று பழக்கிவிட்டேன். இப்போது?

அதே மெயிலைச் சரியான விருப்பத்தோடு திரும்பக் கொடுங்கள். எதை எப்படிக் கற்றது என்று தனிக் கோப்பில் குறித்து வைத்திருப்பதால், பழையதைக் கழித்துவிட்டுப் புதியதாகக் கூட்டிக்கொள்ளும். எந்தப் பக்கமும் வேண்டாம் என்றால் ‘ஃபர்கெட்’ விருப்பம் இருக்கிறது. ஒரு ஃபோல்டரே மாறிப்போய் எவை என்று தெரியவில்லையென்றால், எடுத்து வைத்த பேக்கப்பை மீட்பதுதான் வழி.

ஸ்பேம் வந்தால் எனக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள் என்று ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் பழக்கலாமா?

கூடாது. ஃபார்வர்ட் செய்த கணமே தலைப்பு வரிகள் எல்லாம் உங்கள் ஊழியருடையவை ஆகிவிடும். நூறு மெயில் அப்படிப் பழக்கினால், அந்த ஊழியரின் பெயர், கையொப்பம், உங்கள் சர்வரின் பெயர் எல்லாம் ஸ்பேம் அடையாளமாகப் பதிவாகும்.

ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) இருந்தால் மெயிலை ஸ்பேம் ஃபோல்டருக்கு இழுத்துப் போடச் சொல்லுங்கள். டவ்காட் என்ற ஐமேப் சர்வரில் ஐமேப்சீவ் வசதி, ஸ்பேம் ஃபோல்டருக்குள் போவதை ஸ்பேம் என்றும் வெளியே வருவதை ஹாம் என்றும் பழக்கும். இதில் ஒரு குழி உண்டு. ஸ்பேம் ஃபோல்டரில் இருப்பதை அழித்தால் அது குப்பைத்தொட்டி ஃபோல்டருக்கு நகர்கிறது, அதுவும் வெளியே வருவதுதான். குப்பைத்தொட்டிக்குப் போவதைக் கணக்கில் எடுக்காதே என்று ஸ்கிரிப்டில் எழுதாவிட்டால், ஊழியர்கள் அழிக்கும் ஒவ்வொரு ஸ்பேமும் ஹாமாகப் பதிவாகும்.

நானே பதிவு செய்த விளம்பர மடல் சலித்துவிட்டது. ஸ்பேம் என்று குறிக்கலாமா?

வேண்டாம். பதிவை விலக்கிக்கொள்ளுங்கள். அந்த மடலும் உங்கள் வங்கி மெயிலும் ஒரே மொத்த அனுப்பல் சேவை வழியாக வந்துகொண்டிருக்கலாம்.

மெயிலின் அடியில் சம்பந்தமில்லாத சொற்களைக் கொட்டி அனுப்புகிறார்களே, வடிகட்டி குழம்பாதா?

குழப்பத்தான் பார்க்கிறார்கள். ஆனால் உங்கள் ஹாமில் அடிக்கடி வரும் சொற்கள் எவை என்று அவர்களுக்குத் தெரியாது. அகராதியிலிருந்து எடுத்துப் போட்ட சொல் உங்களுக்குப் பழக்கமில்லாதது என்றால் 0.5ஐ ஒட்டி நிற்கும், கணக்கில் சேராது. அப்படிப்பட்ட மெயிலைத் தயங்காமல் ஸ்பேம் என்று பழக்குங்கள். எழுத்தை மாற்றி, நடுவில் எண்ணைச் செருகி எழுதுவது அவர்களுக்கே பாதகம். அந்தக் கோணல் எழுத்துக்கூட்டு எந்த நல்ல மெயிலிலும் வராது.

தமிழ் மெயிலை இது ஒழுங்காகப் படிக்குமா?

பாதிதான். ஸ்பேம் அசாசின் 15 பைட் வரையுள்ள சொல்லை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது 15 எழுத்து. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும் கூடத் தனித்தனிக் குறியீடுகள். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. சரியாக 15 பைட், தப்பித்துவிடுகிறது. ‘கடன்’ 12, ‘பரிசு’ 15, இவையும் முழுதாக நிற்கும். ‘தள்ளுபடி’ 24 பைட். அதைச் சொல்லாக வைத்துக்கொள்ளாமல் தனித்தனிக் குறியீடுகளாக உடைத்துவிடும். த, ள, புள்ளி, ப என்று கிடைப்பவை எல்லாத் தமிழ் மெயிலிலும் உள்ளவை.

விளைவு என்னவென்றால், தமிழில் வந்த ஸ்பேமை மட்டும் கொடுத்து, தமிழ் ஹாம் கொடுக்காவிட்டால், தமிழ் எழுத்தே ஸ்பேம் அடையாளமாகிவிடும். ஊர்க் கோயில் திருவிழா அழைப்பும் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். தமிழில் மெயில் வரும் பெட்டி என்றால் ஹாம் பக்கம் குறைந்தது 100 தமிழ் மெயிலாவது இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வங்கி பெயரில் வரும் ஏமாற்று மெயில் தப்பிவிடுகிறது.

தப்பத்தான் செய்யும். உண்மையான வங்கி மெயிலின் சொற்களை அப்படியே நகலெடுத்திருப்பார்கள், சொற்களை எண்ணிப் பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கு, அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகள்தான் சரி. இவற்றை மூட்டைமூட்டையாக ஸ்பேம் என்று பழக்கினால் வங்கியின் சொந்த மெயில் அடிபடும். பழக்குவதானால் அதே அளவு உண்மையான வங்கி மெயிலையும் ஹாமாகக் கொடுங்கள்.

துல்லியம் கூடியதா என்று எப்படி அளப்பது?

பழக்காத மெயிலில் அளக்க வேண்டும். பழக்கிய மெயிலையே திரும்பக் கொடுத்தால் எந்த வடிகட்டியும் நூற்றுக்கு நூறு வாங்கும். கடைசி இரண்டு வாரத்து மெயிலை ஒதுக்கி வையுங்கள், அதற்கு முந்தையவற்றில் பழக்குங்கள், ஒதுக்கியவற்றில் சோதியுங்கள். சோதிக்கும்போது தானாகக் கற்பதை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் பரீட்சைத் தாளையே படித்துக்கொள்ளும்.

இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள். 600 ஸ்பேமில் 12 தப்பினால் 2 விழுக்காடு. 400 ஹாமில் 2 மாட்டினால் 0.5 விழுக்காடு. சேர்த்துச் சொன்னால் 98.6 விழுக்காடு சரி, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தப்பிய 12ஐ அழிக்க ஒரு நிமிடம் போதும். மாட்டிய இரண்டில் ஒன்று வேலைக்கான நேர்காணல் அழைப்பாக இருந்தால் என்ன செய்வது? இரண்டாவது எண் குறைய முதல் எண் சற்று ஏறினாலும் பரவாயில்லை.

முதல் பயிற்சிக்குப் பிறகு தினமும் பழக்க வேண்டுமா?

தவறியவற்றையும், பேய்ஸ்_40 முதல் பேய்ஸ்_60 வரை தடுமாறியவற்றையும் வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். சரியாகச் சொன்னவற்றைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பெரிய லாபமில்லை. தவறியவற்றிலும் ஹாமை விட்டுவிடாதீர்கள்.

தரவுத்தளம் பெருத்துக்கொண்டே போகுமா?

டோக்கன்கள் 1,50,000ஐத் தாண்டினால் நெடுநாளாகக் கண்ணில் படாதவற்றைத் தானே கழிக்கும், 1,00,000க்குக் கீழே மட்டும் இறங்காது. வயதை மெயிலின் தேதியை வைத்துக் கணக்கிடுவதால், இன்று பழக்கிய பழைய மெயிலின் டோக்கன்கள் முதலில் காலியாகும். நூறு பேர் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் எல்லையை 5,00,000க்கு உயர்த்துங்கள். கற்ற மெயில்களின் குறிப்புக் கோப்பு மட்டும் தானாகக் குறையாது, அவ்வப்போது அளவைப் பாருங்கள்.

தண்டர்பேர்டில் என்ன செய்வது?

ஸ்பேம் வந்தால் ஜங்க் பொத்தான். அது பாதி வேலைதான். நல்ல மெயில்களைத் தேர்ந்தெடுத்து ‘ஜங்க் அல்ல’ என்று குறிப்பதைப் பலரும் செய்வதில்லை, அதனால்தான் அது எதையும் கற்றதாகத் தெரிவதில்லை. ஒரு ஃபோல்டர் நல்ல மெயிலை மொத்தமாகத் தேர்ந்து ஷிஃப்டோடு ஜே விசையை அழுத்துங்கள். கற்றதெல்லாம் புரொஃபைல் ஃபோல்டரில் டிரெய்னிங்.டேட் என்ற கோப்பில் இருக்கிறது. கணினி மாற்றும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எப்போது?

உறுதியான ஸ்பேமுக்கு பேய்ஸ்_00 வருவது வாரத்துக்குப் பத்து இருபது என்று தொடர்ந்தால். அப்போது ஒவ்வொன்றாகத் திருத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போல. தானாகக் கற்பதை முதலில் நிறுத்துங்கள், பிறகு ‘கிளியர்’, பிறகு கண்ணால் பார்த்துப் பிரித்த ஆயிரம் ஆயிரம் மெயில். வரிசையை மாற்றி, தானாகக் கற்பதை நிறுத்தாமல் அழித்தால், நீங்கள் மெயிலைப் பிரித்து முடிப்பதற்குள் அது பழைய தவறுகளையே கற்றுவிட்டிருக்கும்.